வண்டியின் தண்ணீரும் வழியின் தண்ணீரும்

குளிர்நாடுகளில் வீட்டையே வண்டிக்குள் அமைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்களுக்குப் பனிக்காலம் வந்தால் தண்ணீர்தான் முதல் கவலை. வண்டியின் அடியில் ஒரு தொட்டி இருக்கும். அதிலிருந்து அடுப்படிக்கும் குளியலறைக்கும் மெல்லிய குழாய்கள் ஓடும். வெளிக்குளிர் உறைநிலைக்குக் கீழே இறங்கினால் அந்தத் தண்ணீர் கட்டியாகும்; கட்டியாகும்போது நூற்றுக்கு 9 பங்கு பருக்கும்; பருத்தால் குழாய் வெடிக்கும், இணைப்பு பிளக்கும், பம்பு பாழாகும். ஆகவே தொட்டிக்கு அடியில் மின்சூடு வைக்கிறார்கள், குழாய்களுக்கு உறை சுற்றுகிறார்கள், வண்டியை நிறுத்திவைக்கும் மாதங்களில் தண்ணீரைச் சொட்டு மிச்சமில்லாமல் வடித்துவிட்டு உறையாத திரவத்தை உள்ளே ஓட விடுகிறார்கள். நம் நாட்டுக்கும் இந்தக் கவலை வந்துவிட்டது. 2025 ஜூன் 6 அன்று கத்ராவுக்கும் ஸ்ரீநகருக்கும் இடையே தொடங்கிவைக்கப்பட்ட வந்தே பாரத் ரயிலில், தண்ணீர்த் தொட்டியும் கழிவறைக் குழாய்களும் உறையாதிருக்கச் சூடேற்றும் அமைப்பைப் பொருத்தியிருக்கிறார்கள். தேவையான வேலைதான். ஆனால் இதற்கெல்லாம் அடியில் ஒரு முடிவு முன்கூட்டியே எடுக்கப்பட்டிருக்கிறது: பயணியின் தண்ணீரைப் பயணியின் வண்டியே சுமக்க வேண்டும் என்ற முடிவு. சுமக்கிற வண்டியே அதைக் காக்கவும் வேண்டியதாகிறது.

தாமிரபரணியின் வடகரையில், ஆறு கடலைச் சேர இன்னும் சில மைல்களே இருக்கும் இடத்தில் உள்ள ஏரலில், எந்த மார்கழியிலும் தண்ணீர் உறைந்ததில்லை. அங்கே வழிப்போக்கனின் தண்ணீருக்குப் பகை வேறு: உப்பும் வெயிலும். ஏரலைச் சுற்றிய முத்துக்குளித்துறைக் கரையில் மனிதர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இடைவிடாமல் பயணம் செய்திருக்கிறார்கள். முத்துக்கும் உப்புக்கும் கருவாட்டுக்கும் கருப்பட்டிக்கும் வந்தார்கள். திருச்செந்தூர் முருகனைக் கும்பிட வந்தார்கள். அவர்கள் ஏறிவந்த கூண்டு வண்டிகளில் தொட்டி கிடையாது. திருகுமூடி போட்ட ஒரு பித்தளைக் கூஜா, இல்லையென்றால் ஒரு சுரைக்குடுவை, அவ்வளவுதான் கைவசம். வெயிலில் நடக்கும் மாட்டுக்கும் மனிதனுக்கும் அது ஒரு வேளைக்குக்கூடக் காணாது. இருந்தும் போக்குவரத்து நடந்தது என்றால், தண்ணீரை வண்டி சுமக்கவில்லை, வழி வைத்திருந்தது என்றுதான் பொருள். இதைத் தர்மம், புண்ணியம் என்ற பெயர்களில் நாம் பாராட்டிப் பழகிவிட்டோம். அந்தப் பாராட்டு உண்மையில் பாதிதான் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். இந்தக் கரையில் வழித்தண்ணீர் என்பது பிழைப்பின் அடிக்கட்டு. அதற்கு நிலவியல் காரணம் உண்டு, வணிகக் கணக்கு உண்டு, அதற்கென்றே விதித்த வரியும் உண்டு. தர்மம் என்று மட்டும் சொல்லிச் சொல்லியே, அதை விட்டுவிட்டால் என்ன நஷ்டம் என்பதை மறந்தோம்.

முதலில் நிலம். இந்தப் பகுதிக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தோடு முடிந்துவிடும். மற்ற மாதங்களில் நம்பிக்கை தாமிரபரணிதான். பொதிகை மலையில் தென்மேற்குப் பருவமும் பெய்வதால் அது கோடையிலும் ஓரளவு ஓடும். ஆற்றையும் அதன் கால்வாய்களையும் குளங்களையும் விட்டு விலகினால் கிழக்கே உவர் நிலமும் உப்பளமும், தெற்கே தேரியின் செம்மணல் மேடுகளும். பார்வைக்கு வறண்ட இந்தத் தேரிக்கும் கடற்கரை மணல்மேட்டுக்கும் ஒரு குணம் இருக்கிறது. பெய்த மழையை மணல் ஓடவிடாமல் உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே இறங்கிய நன்னீர், அடர்த்தி கூடிய உப்புநீரோடு சட்டென்று கலந்துவிடாமல் அதன் மேலே தனியாகப் படிந்து மிதக்கும். கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால் அதன் எடை கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை உப்புநீரை அமுக்கி வைத்திருக்கும். மேலே ஒரு அடி குறைந்தால் கீழே 40 அடி உப்பு ஏறிவிடும். ஐரோப்பாவில் இந்தக் கணக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் எழுதப்பட்டது. இந்தக் கரையில் அது எழுத்தில் இல்லை, பழக்கத்தில் இருந்தது. கடலோர ஊற்றை ஆழமாகத் தோண்ட மாட்டார்கள், ஆளுயரத்துக்குள் நிறுத்திவிடுவார்கள். பெரிய பாத்திரத்தை விட்டுக் கலக்காமல் பனையோலைப் பட்டையால் மேலாக மொண்டு, ஊறுகிற வரை காத்திருந்து மறுபடி மொள்வார்கள். ஒரே இடத்தில் நிறைய எடுப்பதைவிடப் பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது வழக்கம். அவசரப்பட்டு இறைத்தால் 'நல்ல தண்ணி' 'உப்புத் தண்ணி' ஆகிவிடும் என்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிந்திருந்தது.

திருச்செந்தூர் நாழிக்கிணறு இதற்கு எல்லோரும் அறிந்த சான்று. அலையடிக்கும் தூரத்தில், படியிறங்கிப் போனால், பெரிய கிணற்றுக்குள் சிறிய கிணறாக நன்னீர் ஊற்று. கடலில் குளித்தவர்கள் உப்பைக் கழுவ அங்கே வருகிறார்கள். தெற்கே மணப்பாட்டில், 1542இல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கிய குகையிலும், கடலை ஒட்டியே ஒரு நன்னீர்க் கிணறு இருக்கிறது. இரண்டையும் பக்தர்கள் அதிசயம் என்கிறார்கள். அந்த உணர்வோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வரலாறாகப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியது வேறு. ஒரு சமயத்தார் முருகனின் வேலாயுதத்தையும் இன்னொரு சமயத்தார் ஒரு புனிதரின் தவத்தையும் எந்த இடத்தில் நிறுத்தினார்கள்? கடலோரத்தில் நன்னீர் கிடைக்கும் அந்தச் சின்னஞ்சிறு புள்ளியில். ஊற்றுக்குப் புனிதம் சேர்ந்தால் அதை யாரும் தனக்கென்று வளைத்துக்கொள்ள முடியாது, அசுத்தம் செய்யத் துணிய மாட்டார்கள், வருகிறவர்களுக்கெல்லாம் அது திறந்திருக்க வேண்டும் என்ற வற்புறுத்தலும் வரும். சட்டமும் காவலும் எட்டாத மணல்வெளியில் தண்ணீரைக் காக்க இதைவிட உறுதியான வேலி கிடைத்திருக்காது.

துறைமுகங்களின் கதையும் இதே தண்ணீரைச் சுற்றித்தான் போகிறது. ஏரலுக்குப் பக்கத்து ஊரான கொற்கை, கிரேக்க எழுத்துகளில் முத்துக்குப் பேர்பெற்ற பாண்டியத் துறைமுகம். முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்ரேயக் கடல் பெரிப்ளஸ்' அங்கே தண்டனை பெற்றவர்கள் முத்துக்குளித்ததாகச் சொல்கிறது. 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டு கி.மு. 785 அளவில் காலம் காட்டியது. ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக் கொற்கையைக் கடலிலிருந்து பிரித்தது. வணிகர்கள் கடலைத் துரத்திக்கொண்டு காயலுக்கு, இன்றைய பழையகாயலுக்கு, நகர்ந்தார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்ட காயலில், ஹோர்முசிலிருந்தும் ஏடனிலிருந்தும் வரும் கப்பல்கள் குதிரைகளை இறக்கிக்கொண்டிருந்தன. ஒரு குதிரை நாளுக்கு 30 லிட்டர் அளவில் தண்ணீர் குடிக்கும். வாரக்கணக்கில் கடலில் அரைவயிற்றுத் தண்ணீரோடு வந்த குதிரைகளை உயிரோடு கரையேற்றிப் பாண்டியனின் இலாயத்துக்கு அனுப்ப வேண்டுமென்றால், இறங்குதுறையிலேயே நன்னீர் தாராளமாக இருந்தாக வேண்டும். காயலும் ஆழம் குறைந்துபோனபின் போர்த்துகீசியர் காலத்தில் தலையெடுத்த புன்னைக்காயலும் ஆற்றின் வாயை விட்டு அகலவில்லை. கடல் பின்வாங்கப் பின்வாங்கத் துறைமுகம் நகர்ந்தது. ஆற்றின் கையை மட்டும் விடவில்லை.

விட்ட துறைமுகம் ஒன்றுதான், தூத்துக்குடி. அதற்கு ஆறில்லை. எதிரே வரிசையாக நின்று அலையைத் தடுக்கும் தீவுகளும், ஆறு மண் கொட்டாத கடலும் அதன் பலம். 1658இல் டச்சுக்காரர் கைப்பற்றியதும், பின் ஆங்கிலேயர் அதைப் பருத்தித் துறைமுகமாக வளர்த்ததும் இந்தப் பலத்தை நம்பித்தான். ஆனால் ஆற்றின் மண் வராத இடத்துக்கு ஆற்றின் தண்ணீரும் வராது. பெருத்துக்கொண்டே போன ஊர், உவர்க்கிணறுகளுக்கு நடுவே குடிதண்ணீருக்குத் தவித்தது. ஐந்து முறை நகராட்சித் தலைவராக இருந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்துவை அந்த ஊர் இன்றும் நினைப்பதற்குப் பெருங்காரணம், 1920களில் வல்லநாட்டில் தாமிரபரணித் தண்ணீரை எடுத்துக் குழாய்வழி தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. ஆற்றைத் தேடித் துறைமுகங்கள் நகர்ந்த காலம் முடிந்து, துறைமுகத்தைத் தேடி ஆறு குழாயில் நகர்ந்த காலம் தொடங்கியது. இந்த மாவட்டத்தின் வரலாற்றில் இதற்கு முத்துச்சலாபங்களுக்கு, அதாவது முத்துக்குளிப்புப் பருவங்களுக்கு, கொடுக்கும் அளவு பக்கங்கள் கொடுக்க வேண்டும் என்பேன்.

கடலில் போகிறவன் தன் தண்ணீரைத் தானே சுமந்தானே, அப்புறம் எப்படி வழி காத்தது என்று சொல்வது என இங்கே ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. கொழும்புக்குச் சரக்கேற்றிப் போன தூத்துக்குடித் தோணிகள் பீப்பாய்களில் தண்ணீர் ஏற்றிக்கொண்டுதான் பாய் விரித்தன. கடலுக்கு நடுவே தண்ணீர்ப்பந்தல் போட முடியாது. ஆனால் வேறு வழியே இல்லாத அந்த இடத்திலும், சுமையைக் குறைக்கவே மனிதர்கள் பார்த்தார்கள். முத்துக்குளிப்பின் நாள்முறையைப் பாருங்கள். நடுச்சாமத்தில் கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றில் தோணிகள் புறப்படும். விடியும்போது சிப்பி கிடக்கும் கடலடிப் பார்களின் மேல் நிற்கும். குளிப்பவர்கள் நண்பகல்வரை மூழ்கி எழுவார்கள். பிற்பகலில் கடற்காற்று கரைக்குத் திரும்ப வீசத் தொடங்கியதும் பாயேற்றி வந்துவிடுவார்கள். காற்று வகுத்த இந்த ஒழுங்கினால் தோணிக்கு ஒரு பகலின் தண்ணீரே போதும். மற்ற எல்லாப் பாரமும் கரையின் தலையில் விழுந்தது. சலாபம் பெரும்பாலும் பங்குனி, சித்திரையில், அதாவது கரை மிக வறண்டிருக்கும் நேரத்தில் நடக்கும். இலங்கையின் மரிச்சுக்கட்டியில் 1905இல் நடந்த பெருஞ்சலாபத்தில் 8 கோடிச் சிப்பிகளுக்கு மேல் எடுத்தார்கள். தூத்துக்குடி, காயல்பட்டினம், கீழக்கரை என எல்லாக் கரையிலிருந்தும் குளிப்பவர்கள் போனார்கள். வணிகர், ஏலக்காரர், சமையற்காரர், தச்சர் என்று பல்லாயிரம் பேர் ஆளில்லாத கரையில் ஓலைக் கொட்டகை போட்டுச் சில வாரங்கள் வாழ்ந்தார்கள். நகரும் ஊர் அது. அந்த ஊருக்கு நல்ல தண்ணீர் இருந்தால் சலாபம் நடக்கும். தண்ணீர் கெட்டு வாந்திபேதி புகுந்தால், பாரில் எவ்வளவு சிப்பி மிச்சமிருந்தாலும் கூட்டம் கலைந்து ஓடும். 19ஆம் நூற்றாண்டுச் சலாபங்கள் சில அப்படித்தான் பாதியில் முடிந்தன.

இனி நிலவழி. தண்ணீர்ப்பந்தலுக்கு நிலம் எழுதிவைப்பது சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே காணப்படுகிறது. அவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது கொடையாளியின் பெயரோ புண்ணியமோ இல்லை, செலவுப் பட்டியல்தான். தண்ணீர் இறைப்பவருக்கு இவ்வளவு, வார்ப்பவருக்கு இவ்வளவு, பானை கொடுக்கும் குயவருக்கு இவ்வளவு என்று பிரித்து எழுதியிருக்கிறார்கள். கோடை முடியும்வரை பந்தல் நிற்க வேண்டுமென்றால் நல்ல மனம் மட்டும் போதாது என்பது எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டதும், மரம் வைத்ததும், சத்திரமும் சாவடியும் கட்டியதும் இதன் தொடர்ச்சி. தெற்குச் சீமையில் அவர் பெயரைத் தாங்கும் சாலைகள் இன்றும் உண்டு. ஆனால் முழுக் கணக்கோடு நடந்த ஏற்பாட்டைப் பார்க்க அரண்மனையை விட்டு மாட்டுவண்டிக்கு வர வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் திருச்செந்தூர், ஏரல் பக்கத்திலிருந்து நாடார் வணிகர்கள் கருப்பட்டியும் உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு வடக்கே போனார்கள். பருத்தியோடும் புகையிலையோடும் திரும்பினார்கள். வழியில் கள்ளர் பயம். சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் அவர்கள் எழுப்பிய பேட்டைகள் மதில் சூழ்ந்த வண்டித்தாவளங்கள். உள்ளே சரக்குக்குக் காவல், மாட்டுக்கு நிழல், எல்லோருக்கும் ஒரு கிணறு. இதற்கான பணம் மகமையிலிருந்து வந்தது. ஏற்றி இறக்கும் சரக்கின்மேல் உறவின்முறை என்ற அவர்களின் சமூகச் சங்கம் தனக்குத் தானே விதித்துக்கொண்ட வரி அது. பேட்டைக் கிணறு ஒருவர் போட்ட பிச்சையன்று. அதில் தண்ணீர் குடித்த ஒவ்வொரு வண்டிக்காரனும் ஏதோவொரு சந்தையில் அதற்குக் கொடுத்திருந்தான். பின்னாளில் அதே மகமைப் பணம் பள்ளிக்கூடமாகவும் கல்லூரியாகவும் வளர்ந்தது. கிணற்றுக்குச் சேர்ந்து கொடுத்துப் பழகியவர்கள் பள்ளிக்கும் சேர்ந்து கொடுத்தார்கள்.

இந்த இடத்தில் மிகக் கனமான மறுப்பு எழுகிறது, அதைத் தாண்டிப் போகக்கூடாது. வழியின் தண்ணீர் எல்லோருக்கும் இருந்ததா? இல்லை. பேட்டைகள் எழுந்ததற்கு ஒரு காரணமே, பல ஊர்களில் பொதுக்கிணறும் சத்திரமும் நாடார்களுக்கு மறுக்கப்பட்டதுதான். அவர்களுக்குக் கீழே வைக்கப்பட்டவர்களுக்கு அந்தப் பேட்டைக் கிணறும் இல்லை. தண்ணீர்ப்பந்தலில் சிலருக்குச் செம்பைக் கையில் கொடுத்தார்கள், சிலருக்கு எட்ட நின்று குவித்த கையில் ஊற்றினார்கள். ரயில் வந்தபிறகு நிலையங்களில் இந்துத் தண்ணீர், முஸ்லிம் தண்ணீர் என்று தனித்தனியே வைத்தார்கள். இதே தாமிரபரணிக் கரையில், சேரன்மாதேவி குருகுலத்தில், பிராமணப் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் வைத்த பேதம் 1920களின் நடுவில் தமிழ்நாட்டு அரசியலையே திருப்பிப் போட்டது. அப்படியிருக்க, பழைய வழித்தண்ணீரைப் புகழ்வது ஒரு அநீதியைப் புகழ்வது ஆகாதா? அதன் கதவடைப்பைச் சேர்த்துப் புகழ்ந்தால் நிச்சயம் ஆகும். ஆனால் அடைக்கப்பட்டவர்கள் என்ன கேட்டார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். ஆளுக்கொரு குடுவை போதும், பொதுக்கிணறு வேண்டாம் என்று அவர்கள் ஒதுங்கவில்லை. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேறிய தீர்மானம், பொதுத்தெருவும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று சொன்னது. 1927இல் அம்பேத்கர் மகாராஷ்டிரத்தின் மஹாடில் மக்களைத் திரட்டிக்கொண்டு போனது ஒரு பொதுக்குளத்துக்கு. பொதுத்தண்ணீர் என்ற எண்ணத்தை அதன் சொந்தக்காரர்களாகத் தங்களை நினைத்தவர்களைவிட ஆழமாக நம்பியவர்கள் இவர்கள். பழைய ஏற்பாட்டின் குற்றம் அது பொதுவாக இருந்தது என்பதில்லை. போதிய அளவு பொதுவாக இல்லை என்பதுதான்.

வழி தண்ணீர் வைக்காவிட்டால் என்னவாகும் என்பதற்குச் சான்றைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். மன்னார் வளைகுடாவுக்கு அக்கரைக்குப் போனால் போதும். 1830களிலிருந்து இலங்கையின் மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் வந்தபோது, திருநெல்வேலி, மதுரை, திருச்சிச் சீமைகளிலிருந்து தமிழ்க் கூலிகள் ஆண்டுதோறும் அறுவடைக்குப் போய்வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை நூறு மைலுக்கும் மேல் வறண்ட காட்டுக்குள் நடக்க வேண்டும். அந்த வழியில் அவர்களுக்கு உறவின்முறை இல்லை, பேட்டை இல்லை, கிணறு வெட்டிவைத்த அரசி இல்லை. தோட்ட முதலாளிக்கு அவர்கள் வந்து சேர்ந்தபின்தான் பொறுப்பு. அரசுக்கு நெடுங்காலம் அதுவும் இல்லை. கையில் கொண்டுபோன தண்ணீர் தீர்ந்ததும் கிடைத்த குட்டையில் குடித்து, வாந்திபேதியிலும் தாகத்திலும் வழியோரத்திலேயே மாண்டவர்கள் எண்ணிக்கையில் அடங்காதவர்கள். தங்குமிடங்களும் கிணறுகளும் வந்தபோது காலம் கடந்திருந்தது. புறப்பட்ட சீமையில் ஒவ்வொரு காததூரத்துக்கும் யாராவது ஒருவர் தண்ணீருக்குப் பொறுப்பாக இருந்தார். போய்ச் சேர்ந்த வழியில் யாருமே இல்லை. தாகம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான், மனிதர்களும் அதே மனிதர்கள்தான்.

பொதுத்தண்ணீர் நோய் பரப்பியது, மூடிய புட்டியே பாதுகாப்பு என்பது இன்று பெரும்பாலோர் சொல்லும் வாதம். முதல் பாதி உண்மை. திருவிழாக் கூட்டமும் ஒரே கிணறும் சேர்ந்தால் காலரா பரவும் என்பதை 19ஆம் நூற்றாண்டு கண்கூடாகக் காட்டியது. 1884இல் கல்கத்தாவில் ஒரு குளத்துத் தண்ணீரிலேயே காலராக் கிருமியை ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் காக் கண்டார். ஆனால் காலராவை விரட்டியது புட்டி இல்லை. வடிகட்டிய, குளோரின் கலந்த, ஊர் முழுமைக்குமான குழாய்நீர்தான் விரட்டியது. வல்லநாட்டுக் குழாயும் அந்த வகையைச் சேர்ந்தது. நோய்க்கு மருந்தாக வந்தது பொதுத்தண்ணீரின் சிறந்த வடிவம், அதற்கு மாற்று இல்லை. புட்டி வந்தது வெகு பிற்பாடு, குழாயை நம்பமுடியாமல் விட்டபிறகு. ரயில்வே 2003இல் 'ரயில் நீர்' விற்கத் தொடங்கியது. 2013 செப்டம்பரில் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் லிட்டர் 10 ரூபாய்க்கு 'அம்மா குடிநீர்' கொண்டுவந்தது. தனியார் விலையில் பாதிக்குக் கிடைத்ததால் ஏழைப் பயணிகளுக்கு அது உதவியது என்பதை மறுக்க மாட்டேன். இருந்தாலும் பேருந்து நிலையத்துக் குழாயைச் சரிசெய்து இலவசமாகத் தர வேண்டிய அரசு, தானே கடை வைத்தது ஒரு பெரிய திருப்பம். பயணியின் தண்ணீர் பயணியின் பொறுப்பு என்பதை அரசே ஒப்புக்கொண்ட தருணம் அது என்று நான் நினைக்கிறேன்.

அந்தப் புட்டித்தண்ணீரும் எங்கிருந்தோ வர வேண்டுமே. கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொடுப்பது குறித்து நடந்த வழக்கில், 2016 நவம்பரில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை இடைக்காலத் தடை விதித்து, 2017 மார்ச்சில் அதை நீக்கியது. சட்டத்தின் முடிவு எதுவாக இருந்தாலும் கடைமடையில் இருப்பவர்களின் கேள்வி தீரவில்லை. ஸ்ரீவைகுண்டம் அணைதான் ஆற்றின் கடைசி அணை. அதற்குக் கீழே ஏரலுக்கும் ஆத்தூருக்கும் புன்னைக்காயலுக்கும் போவது அணையைத் தாண்டி வழிகிற மிச்சம். மிச்சம் குறையக் குறையக் கடல் ஆற்றுக்குள் ஏறுகிறது. முக்காணிப் பக்கம் தடுப்பணை கட்ட வேண்டிவந்தது அதனால்தான். ஆற்றுமணலே இங்கே தண்ணீர்த்தொட்டி. கரையூர்களுக்குக் குடிநீர் தருவது மணலுக்குள் இறக்கிய உறைகிணறுகள்தான். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த தோழர் நல்லகண்ணு முதிய வயதில் நீதிமன்றம் ஏறித் தானே வாதாடி, 2010இல் தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை வாங்கினார். மணலைக் காப்பாற்றியவர் தண்ணீர்ப்பந்தல் வைத்தவர்களின் வரிசையில் சேர்க்கப்பட வேண்டியவர். 2023 டிசம்பர் 17, 18இல் இந்தக் கரை கண்ட பெருமழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் பெய்து, ஏரல் பாலம் துண்டிக்கப்பட்டு, ஊர் தண்ணீருக்குள் நின்றபோது, குடிக்கத் தண்ணீர் இல்லாமல் போனது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கிக்கொண்ட நூற்றுக்கணக்கான பயணிகளுக்கு முதலில் சோறும் தண்ணீரும் கொண்டுவந்தவர்கள் சுற்றியிருந்த கிராமத்து மக்கள்தான். வண்டியின் தொட்டி தீர்ந்த இடத்தில் வழி கைகொடுத்தது.

ஆகவே இதைப் பழம்பெருமையாக எழுதி வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. நடைமுறையில் செய்ய முடிந்தவை இருக்கின்றன. மாசித் திருவிழாவுக்கும் கந்தசஷ்டிக்கும் திருச்செந்தூருக்கு நடந்து வருகிறவர்களுக்கு இன்றும் ஊர்மக்கள் வழிநெடுகத் தண்ணீரும் பானகமும் தருகிறார்கள். ஆடி அமாவாசைக்கு ஏரல் சேர்மன் அருணாசல சுவாமி கோவிலில் கூடும் கூட்டத்துக்கும் அப்படியே. 1906இல் இந்த ஊரின் சேர்மனாகி 1908இல் இளவயதில் மறைந்த ஒரு நிர்வாகியைத் தெய்வமாகக் கும்பிடும் ஊர் ஏரல். உள்ளாட்சிப் பதவி எவ்வளவு பெரியது என்று அந்த ஊருக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். பேரூராட்சி தன் பேருந்து நிலையத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஒரு நல்ல குடிநீர்க் குழாய் வைக்கட்டும். அந்தத் தண்ணீரை மாதந்தோறும் சோதித்து முடிவைப் பலகையில் எழுதட்டும். செலவைக் கடைத்தெரு மகமையாக ஏற்கட்டும். யார் வந்தாலும் ஒரே குவளையில் குடிக்கட்டும். தேரியிலும் கடலோரத்திலும் ஆழ்துளை போட்டு இறைப்பவர்களைக் கிராமசபைகள் தட்டிக் கேட்கட்டும். ஏரல் வழியாகப் போகிறவர்கள் அந்தக் குழாயில் குடியுங்கள். அது வறண்டிருந்தால் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போய் ஏன் என்று கேளுங்கள்.